பெரிய வெள்ளியன்று காதில் மாட்டிக்கொண்டது

பிறர் காது அழுக்கைக் கழுவும் வேலை எனக்கு நாற்பத்தேழாவது வயதில் வந்து சேர்ந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. கோபம்தான் பட்டேன். இன்றைக்கும் படுகிறேன். ஆண்டவர் கோபத்தை அடக்கச் சொல்லியிருக்கிறார், தெரியும். அடக்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஜவ்வாது மலை மேல் ஒரு விடுதி இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் பின்புறம் இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண் கரை போட்டுத் தேக்கிய ஏரி ஒன்று. இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் கேட்கும், அவ்வளவு அகலம்தான். அதில் கயாக் விடுகிறார்கள். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துடுப்புப் போட்டுப் போகிற பிளாஸ்டிக் படகு அது. நான் அங்கே தண்ணீர்க் காவலுக்கு இருந்தேன். விடுதிக்கு வந்தவர்கள் துடுப்புப் போடும்போது நானும் ஒரு கயாக்கில் அவர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருப்பேன். கழுத்தில் விசில் தொங்கும். யாராவது எல்லை தாண்டினால் ஊத வேண்டும். கவிழ்ந்தால் தூக்க வேண்டும். என் படிப்பு எட்டாவதோடு சரி. நீச்சல் மட்டும் கிணற்றில் பழகியது, நன்றாக வரும். சந்தவாசல் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து தினமும் வண்டியில் மலையேறிப் போய் வந்தேன்.

கரையில் நின்று பார்த்துக்கொள்கிறவர் ஒரு மலைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிற குடும்பம். நீச்சல் அரைகுறைதான் என்றாலும் கரையில் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை. நான் கிறிஸ்தவன் என்பதால் என்னை "வேதக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை மாமா என்பேன். இரண்டு பேரும் சேர்ந்து நான்கு வருஷத்தில் ஒருவரையும் தண்ணீருக்குக் கொடுக்கவில்லை. அதை நாங்கள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு மேனேஜர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து படகுக் கொட்டகையில் வைத்தார். உள்ளே இருபது ஜோடி இயர்போன். தண்ணீரில் முங்கினாலும் கெடாத ரகம். பின்னந்தலையைச் சுற்றி வருகிற வளைந்த கம்பி, இரண்டு முனையிலும் காதுக்குள் அழுத்தமாகப் போய் அடைக்கிற ரப்பர் மொக்கு. செல்போன் தேவையில்லை, பாட்டு அதற்குள்ளேயே ஏறியிருக்கும். போனிலிருந்து வருகிற சிக்னல் தண்ணீரைத் தாண்டாதாம், அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்களாம். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் ஒயரைச் செருகி எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருந்தாள்.

"இனிமே இது மியூசிக் கயாக்," என்றார் மேனேஜர். "கஸ்டமர் பாட்டு கேட்டுக்கிட்டே தண்ணியில போவாங்க. இந்த ஜில்லாவுலயே கிடையாது."

நான் ஒன்றை எடுத்துக் காதில் மாட்டினேன். மாமாவை இருபது அடி தள்ளி நிற்கவைத்து விசில் ஊதச் சொன்னேன். அவர் கன்னம் உப்பியதைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. தலைக்குள் மேளம்தான் இடித்தது.

"சார், விசில் கேக்கலயே சார்."

"அதுக்குத்தானே நீங்க தண்ணியில இருக்கீங்க? கண்ணால பாருங்க. ஜனங்க அமைதிய தேடி மலைக்கு வர்றாங்க, நீங்க விசில ஊதிக்கிட்டு."

மாமா சும்மா இருக்கவில்லை. "அமைதிய தேடி வர்றவனுக்கு காதுல இன்னாத்துக்கு சார் மேளம்?"

மேனேஜர் அதற்குச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அந்தச் சிரிப்புதான். திட்டினால் திருப்பிச் சொல்லலாம். சிரிக்கிற ஆளிடம் என்ன செய்வது?

அன்றிலிருந்து என் வேலை மாறிப்போனது. முன்பு ஒரு விசில் ஊதினால் பத்துத் தலை திரும்பும். பிறகு நான் தொண்டை நரம்பு புடைக்க ஊதினாலும் ஒருவரும் திரும்புவதில்லை. ஏரியின் வடக்கு மூலையில் தண்ணீர் ஏறி முழுகின பழைய மரங்களின் கட்டைகள் நிற்கின்றன. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகக் கூடாதென்று சிவப்பு மிதவை கட்டிக் கயிறு போட்டிருந்தோம். பாட்டில் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டிப் போவார்கள். நான் ஒவ்வொருவர் பின்னாலும் துடுப்புப் போட்டு ஓடி, அவர்கள் படகைத் துடுப்பால் தட்டி, கையைக் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருத்தர் ஒற்றைக் காதிலிருந்து மொக்கைப் பிடுங்கி, "என் படகை ஏன் இடிக்கிறே?" என்று கத்தினார். நான் ஸாரி சொன்னேன். யார் யாருக்கு ஸாரி சொல்வது? சாயங்காலம் கொட்டகைக் குழாயடியில் உட்கார்ந்து இருபது ஜோடியின் ரப்பர் மொக்கையும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, காயவைப்பேன். அதில் மஞ்சளாக ஒட்டியிருக்கும். அவர்கள் கேட்காமல் விட்ட என் விசிலெல்லாம் அங்கே ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு தேய்ப்பேன்.

இப்போது என் நேர்ச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன். குரல் போனாலும் போகலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அவள் எங்கள் ஊர்க் கோயிலில் பாடுகிறவள். பெரிய வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நேரம், எங்கள் கோயிலில் புலம்பல் பாடுவோம். மாதா மகனைப் பார்த்து அழுகிற பாட்டு. அவள் முன்னே எடுப்பாள், நாங்கள் பின்னே வாங்குவோம். கையெழுத்துப் போட்ட அன்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று நேர்ந்துகொண்டேன். இவள் குரல் திரும்பி வந்தால், நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் பெரிய வெள்ளியன்று அந்த மூன்று மணி நேரம் புலம்பலைத் தவிர ஒரு சொல் என் வாயிலிருந்து வராது.

குரல் திரும்பி வந்தது. முதலில் கரகரத்தது, அப்புறம் தெளிந்தது. நானும் வாக்கைக் காப்பாற்றினேன். ஒரு வருஷம் அந்த நேரத்தில் காலில் தேள் கொட்டியது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அது தவறினால் அவள் குரலுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குள் பயம் இருந்தது. மூட நம்பிக்கை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கையெழுத்துப் போட்டவன் நான்.

போன வருஷம் தவக்காலம் தொடங்கியதுமே மேனேஜரிடம் லீவு கேட்டேன். முன்பெல்லாம் கூட்டம் குறைவு, கொடுத்துவிடுவார்.

"குட் ஃப்ரைடேயா? சேர்ந்தாப்ல மூணு நாள் லீவுங்க. எல்லா ரூமும் புக் ஆயிடுச்சு. அன்னிக்கு எப்படிங்க விட முடியும்?"

"சார், வருஷத்துல அந்த ஒரு நாள்தான் கேக்கறேன்."

"உங்களுக்கு வேணுங்கற ஒரு நாளும் எனக்கு வேணுங்கற ஒரு நாளும் ஒண்ணா இருந்தா நான் என்ன பண்றது?" என்று சிரித்தார்.

எங்கள் ஆண்டவர் செத்த நாளை ஊர் முழுக்க விடுமுறையாக விட்டிருக்கிறார்கள், அந்த விடுமுறையால் எனக்கு மட்டும் விடுமுறை இல்லை. இதை யோசிக்க யோசிக்க வயிறு எரிந்தது. மாமாவிடம் போய்க் கொட்டினேன்.

"நீ கேட்டதுதான் தப்பு, வேதக்காரரே," என்றார். "எங்க சாமிக்கு பொங்க வெக்கிற அன்னிக்கு நா லீவா கேக்கறேன்? வர மாட்டேன், அவ்ளோதான். மறுநாள் அந்தாளு திட்டுவான். திட்டு வாங்கிட்டு கெழங்காட்டம் நின்னா தீந்துது. கேட்டாத்தானே இல்லன்னு சொல்லுவான்?"

"வரலன்னா வேலைய வுட்டு எடுத்துடுவேன்னு சொல்லிட்டாரு மாமா."

"எடுப்பான் எடுப்பான். அப்புறம் தண்ணியில யார் குதிப்பா, இவனா? தொப்பைய தூக்கிக்கினு?"

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நேந்துக்க மட்டும் வாய் இருந்துது. லீவு வாங்க வாய் இல்ல," என்றாள். பிறகு, "போங்க. அங்க இருந்தாலும் பேசாம இருங்க. நா இங்க பாடறேன்," என்று முடித்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பாழாய்ப் போன யோசனை. முந்தின வருஷத்துப் புலம்பலை யாரோ செல்போனில் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். முழுதாக என் போனில் இருந்தது. வியாழக்கிழமை ஆபீஸ் பெண்ணிடம் போய், "இத ஒரு இயர்போன்ல ஏத்தித் தாம்மா," என்று கேட்டேன். அவள் திருப்பத்தூர்ப் பெண், வேறொரு கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவள்.

"எங்க சபையில இந்த அழுவற பாட்டெல்லாம் கெடையாதுண்ணே. நாங்க ஸ்ட்ரெய்ட்டா ஈஸ்டர்தான்," என்று கிண்டல் செய்தாள். ஆனாலும் ஏற்றிக் கொடுத்தாள். பத்தொன்பதில் சினிமாப் பாட்டு, ஒன்றில் என் மனைவியின் குரல். அடையாளத்துக்கு அந்தக் கம்பியில் ஒரு நூல் கட்டினேன்.

பெரிய வெள்ளியன்று ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. பச்சைத் தண்ணீரோடு மலையேறினேன். பதினோரு மணிக்கே ஏரியில் ஒன்பது கயாக். பன்னிரண்டு ஆகப் போகும்போது மாமாவிடம் சொன்னேன்:

"மாமா, இனி மூணு மணி வரைக்கும் நான் பேச மாட்டேன். நேர்ச்சை."

"விசிலு?"

"விசில் ஊதுவேன். அது பேச்சு இல்லயே."

"சரி. நா பேசறேன், நீ கையக் காட்டு," என்றார் அவர். மூன்று மணி நேரம் என் நேர்ச்சையைத் தன் தலையில் வாங்கிக்கொண்ட மனிதர். நான் காதில் மாட்டப் போகிறதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. ஏரி நடுவே போய், முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு, நூல் கட்டினதை எடுத்து மாட்டினேன்.

அப்படி ஒன்றை நான் அனுபவித்ததில்லை. கோயிலில் நூறு பேர் நடுவே கேட்கிற குரல் வேறு. இங்கே என் தலைக்குள்ளேயே அவள் நின்று பாடினாள். மூச்சு வாங்குகிறதுகூடக் கேட்டது. ஆபரேஷன் தழும்பு இருக்கிற இடத்தில் குரல் லேசாகத் தட்டுமே, அதுவும் கேட்டது. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குச் சத்தம் இல்லை. ஏரியில் சத்தம் இல்லை. பல மாதமாக எரிந்துகொண்டிருந்த வயிறு ஆறியது. மேனேஜரை மன்னித்தேன். என் பங்குப் பதிலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியேதான் இருந்தேன். ஆனால் பார்க்கவில்லை. கண் திறந்திருப்பதும் பார்ப்பதும் ஒன்றல்ல. அதை நான் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தவன்.

இரண்டு மணி இருக்கும். என் கயாக்கின் பின்பக்கம் ஏதோ 'டொப்'பென்று இடித்தது. உடம்பெல்லாம் அதிர்ந்தது. திரும்பினேன். கரை மேல் மாமா கையை வீசி இன்னொரு கல்லை எறியப் போகிறார். சாமைக் கொல்லையில் கிளி விரட்டின கை, குறி தவறாது. அவர் வாயில் விசில் இருந்தது. முகம் கறுத்துப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக ஊதிக்கொண்டிருந்தாரோ. அவர் கை காட்டின பக்கம் பார்த்தேன்.

சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கயாக் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண்ணின் தலை மேலே வந்தது, போனது, வந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள். ஜாக்கெட்டின் வார் தண்ணீருக்கடியில் இருந்த கட்டையில் மாட்டிக்கொண்டு, மிதக்க வைக்க வேண்டியதே அவளை ஒரு பக்கமாகக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் அவளிடமிருந்து பத்தடிகூடத் தள்ளி இருக்க மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

காதிலிருந்ததைப் பிடுங்கினேன். விசில் ஊதினேன். அவர் திரும்பவில்லை. துடுப்புப் போட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்றிருந்தது. அவர் ஒரு கை போட்டால் எட்டிப் பிடிக்கலாம். தலையை மட்டும் தூக்கிப் பிடித்தால் போதும். வாயைத் திறந்தேன்.

"யோவ்! புடிய்யா அவங்கள! புடிய்யா!"

பதினோரு வருஷம். தேள் கொட்டியும் திறக்காத வாய். ஏரி முழுக்க எதிரொலித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் நேர்ச்சையை உடைத்துப்போட்ட அந்தச் சத்தம் யாருக்காகப் போட்டேனோ அந்த ஆளுக்குக் கேட்கவே இல்லை.

குதித்து நீந்தினேன். முங்கித் தடவி, வாரைக் கட்டையிலிருந்து எடுக்க முடியாமல், ஜாக்கெட்டின் கொக்கியையே கழற்றி அவளை அதிலிருந்து உருவி மேலே தூக்கினேன். அதற்குள் மாமா கரையோரமாக ஓடி வந்து மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கரையில் கவிழ்த்துப் போட்டோம். தண்ணீரைக் கக்கினாள். இருமினாள். அழுதாள். ஒரு காதில் அந்த மொக்கு இன்னும் இருந்தது. அதிலிருந்து சினிமாப் பாட்டு கொசு மாதிரி பாடிக்கொண்டே இருந்தது. அது தண்ணீரில் கெடாது அல்லவா.

அப்போதுதான் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். நூல் கட்டின இயர்போன் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதானா உன் வேலை? லைஃப் கார்டுன்னு சம்பளம் வாங்கிட்டு நீயும் பாட்டு கேக்கறியா?"

நீ மட்டும் என்ன கிழித்தாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மணி இன்னும் மூன்றாகவில்லை. உடைந்ததை மேலும் உடைப்பானேன் என்று ஒரு புத்தி. அவரோ நான் திமிரில் நிற்கிறதாக நினைத்துக் கையை ஓங்கினார். அந்தப் பெண்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவர விடுங்க. நான் கண்ண மூடிட்டேன். நீங்களும்தான் என்னை பாக்கல," என்றாள் இருமிக்கொண்டே. காதிலிருந்ததைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு மாமா என்னிடம் வந்தார். ஈர வேட்டியைப் பிழிந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊதுனேன்யா. வாய் வலிக்க ஊதுனேன். அவங்கதான் செவுடு, இவன் கீறான்னு நெனச்சேன். ஏரியில காது இருக்கற ஆளு நீ ஒருத்தன்தான். அதையும் அடைச்சிக்கினியா?"

"வேதக்காரரே" என்று கூப்பிடவில்லை. மூன்று மணி அடிக்கட்டும், சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். மேனேஜர் மேல் இருந்த கோபம், விடுதிக்கு வந்தவர்கள் மேல் இருந்த கோபம், எல்லாம் சேர்ந்து எனக்குள்ளேயே திரும்பியது அப்போதுதான். சாமிக்காகத்தானே மாட்டினேன் என்று ஒரு குரல். சாமி கேட்டாரா என்று இன்னொரு குரல். அவர் சிலுவையில் தொங்கியபோது பக்கத்தில் தொங்கினவன் கூப்பிட்டதைக் கேட்டார். காதை அடைத்துக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "டியூட்டி நேரத்துல பாட்டு கேட்டது என் தப்புன்னு எழுதிக் கொடுங்க."

எழுதினேன். உண்மைதானே. ஒரு எழுத்தும் குறைக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: 'வந்தவர்களுக்கும் தண்ணீரில் காதை அடைக்கிற சாமானைக் கொடுக்கக் கூடாது. விசில் கேட்கவில்லை என்று முதல் நாளே சொன்னேன்.'

அவர் படித்தார். மேசை டிராயரிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார். தாளில் என் இரண்டாவது வரிக்கு மேலே அதை வைத்து, நேராக, அழகாகக் கிழித்தார். மேல் பாதியைக் கோப்பில் வைத்தார். கீழ்ப் பாதியைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"இது போதும்," என்று சிரித்தார்.

வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு மலையிறங்கினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போனபோது என் மனைவி கோயிலிலிருந்து வந்து கஞ்சிக்கு உலை வைத்திருந்தாள். கோயில் மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுகிற நாள், ஊரே ஓய்ந்துகிடந்தது. கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இயர்போன் மாட்டியதிலிருந்து கிழித்த தாள் வரைக்கும்.

அவள் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்ததில்லை.

"அந்தப் பொம்பள நல்லா கீறாளா?"

"நல்லா இருக்காங்க. ஆனா நேர்ச்சை போச்சு. வாய் தொறந்துட்டேன்."

"வாய் தொறந்தது இருக்கட்டும். காதுல இன்னா இருந்துது?"

"உன் பாட்டு."

கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"என் கொரல காதுல அடைச்சிக்கினு ஒரு பொம்பள முழுவறத பாக்காம குந்தினு இருந்தியா? அதுக்கா எனக்கு கொரலு வந்துது? வேற எதையாவது கேட்டிருந்தாகூட மனசு ஆறும். மாதா அழுவற பாட்டு அது. புள்ள சாவறத பாத்து நின்னவ பாட்டு. அத கேட்டுக்கினே நீ பாக்காம இருந்திருக்க."

"உனக்காகத்தான்..."

"எனக்காக ஒண்ணும் செய்யாத. அந்த நேர்ச்சை எனக்கு வேணாம். நானே சொல்றேன், வேணாம். அத அழிச்சிட்டு வா. அதுல என் கொரல் ஒரு நாளும் இருக்கக் கூடாது."

எனக்கும் கோபம் வந்தது. நேர்ந்தது நான். மாடிப்படியில் நின்றது நான். அதை வேண்டாமென்று சொல்ல இவள் யார் என்று இருந்தது. அன்றைக்கு அதற்குப் பிறகுதான் நான் உண்மையில் பேசாமல் இருந்தேன். மறுநாள் காலை வரைக்கும்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே மலையேறினேன். ஆபீஸ் பெண் நூல் கட்டினதை ஒயரில் செருகினாள். "நெஜமா அழிச்சிடவாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டாள். அழித்தாள். பிறகு நான் கொட்டகைக்குப் போய் அந்த அட்டைப்பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜாக்கெட்டுகளை எடுத்து வரிசையாக மாட்டினார்.

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். ஆறு பேர் தண்ணீரில் இருந்தார்கள், யார் காதிலும் ஒன்றும் இல்லை.

"பெட்டி எங்கே?"

"பூட்டி வெச்சிருக்கேன் சார்."

"சாவியைக் கொடுங்க."

"குடுக்க மாட்டேன் சார்."

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. "நேத்து பாட்டு கேட்டு ஒரு கஸ்டமரைச் சாகடிக்கப் பார்த்த ஆளு நீங்க. நீங்க எனக்குச் சட்டம் சொல்றீங்களா?"

"ஆமா சார். நான்தான் மாட்டினேன். மாட்டினவன் சொல்றேன், கேக்காது சார். எதுவும் கேக்காது. கல்லு வந்து அடிச்சாத்தான் தெரியும்."

"கல்லு எறிஞ்சது நான்தான்," என்றார் மாமா, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே. "இன்னும் நெறைய கெடக்குது சார் கரையில. நீங்க வேணும்னா ஒரு ஜோடி மாட்டிக்கினு தண்ணியில எறங்குங்க. ஊதிப் பாக்கறேன். கேக்கலன்னா எறியறேன்."

"ரெண்டு பேரும் வேலையை விட்டுப் போறீங்களா?"

"போறோம் சார்," என்றேன். "தண்ணியில ஆறு பேர் இருக்காங்க. அவங்க கரையேறட்டும்."

அவர் அன்றைக்கு எங்களை அனுப்பவில்லை, அனுப்ப முடியவில்லை. அறை முழுக்க ஆள் இருந்தது. சாவியும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கூட்டம் குறைந்ததும் என்னை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார். அந்தக் கிழித்த மேல் பாதியைக் காட்டித்தான் நிறுத்தினார். மாமாவை நிறுத்தவில்லை. அவர் தானாகவே நின்றுகொண்டார். இப்போது நான் கலசப்பாக்கத்தில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை எடைபோடுகிறேன். மியூசிக் கயாக் இன்னும் ஓடுகிறதாம். நீச்சல் தெரியாத ஓர் ஆளைக் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்களாம். இதை மாமா போனில் சொன்ன அன்றே விடுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அடுத்ததாக யாருக்கு எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் விடமாட்டேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்குக் கோயிலில் இருந்தேன். பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் அவள் எடுத்தாள், நான் வாங்கினேன். இடையில் வேறு பேசவில்லை. உடைந்த நேர்ச்சையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று பங்குச் சாமியாரிடம்கூட நான் கேட்கவில்லை. ஆண்டவரிடம்தான் கேட்டேன். அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக அவள் குரலை ஒவ்வொரு நாளும் பயத்தோடு கவனித்து வருகிறேன். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில், மண்டிக்குக் கிளம்பும்போது சோற்றுத் தூக்கை மறந்துவிட்டு வண்டியை எடுத்தேன். வாசலிலிருந்து அவள் கூப்பிட்டது தெருக்கோடியில் எனக்குக் கேட்டது.